நேற்று ராத்திரி தொடங்கியது இன்றைய மோர்!

குட்டீஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. மத்தியான வெயிலில் விளையாடிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் ஓடி வருகிறீர்கள். "அம்மா, தாகம்!" என்று கத்துகிறீர்கள். ஒரு டம்ளர் மோர் வருகிறது. மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறீர்கள். அந்த ஒரு டம்ளர் மோர் தயாராக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"இரண்டே நிமிஷம்! தயிரில் தண்ணீரை ஊற்றி, உப்பைப் போட்டுக் கலக்கினால் மோர்" என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? இல்லவே இல்லை! அந்த வேலை நேற்று ராத்திரி, நீங்கள் பாயை விரிப்பதற்கு முன்பே சமையலறை மூலையில் தொடங்கிவிட்டது. நீங்கள் தூங்கிய நேரமெல்லாம் தூங்காமல் வேலை பார்த்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட உங்களால் கண்ணால் பார்க்க முடியாது.

யார் அவர்கள்? வாங்க, சமையலறைக்குள் எட்டிப் பார்ப்போம்.

கிண்ணத்தோடு ஓடுங்க!

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு ஸ்பூன் தயிரையோ மோரையோ விட்டுக் கலக்கி, மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு உறை ஊற்றுவது என்று பெயர். சில ஊர்களில் பிரை ஊற்றுவது என்பார்கள், சில ஊர்களில் புரை குத்துவது என்பார்கள். அந்த ஒரு ஸ்பூன்தான் உறைமோர்.

உறைமோர் தீர்ந்துபோனால்? ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். "அத்தை, கொஞ்சம் உறைமோர் தர்றீங்களா? அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று வாசலில் நிற்காத பிள்ளைகள் அந்தக் காலத்தில் அபூர்வம். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பல வீடுகளில் விளக்கு வைத்த பிறகு தயிர், மோர் வெளியே கொடுக்க மாட்டார்கள். ஆகவே பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நிற்கும் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். 'மோருக்குப் போய் மொந்தையை ஒளிப்பானேன்?' என்ற பழமொழி அவர்களைப் பார்த்துப் பிறந்ததுதான். (மொந்தை என்பது சிறிய பாத்திரம்.)

ஒரு ஸ்பூனுக்கா இத்தனை ஓட்டம் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு ஸ்பூனில்தான் நாம் தேடும் கோடிக்கணக்கான வேலையாட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்று பெயர். பாக்டீரியா என்றதும் "ஐயோ, கிருமி!" என்று முகம் சுளிக்க வேண்டாம். நோய் தரும் பாக்டீரியாக்கள் உண்டு. நமக்கு வேலை செய்து தரும் பாக்டீரியாக்களும் உண்டு. இவை இரண்டாவது ரகம்.

பாலில் லேசான இனிப்பு இருக்கிறதல்லவா? அது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. அதுதான் நம் வேலையாட்களின் சாப்பாடு. அவை அந்தச் சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. தயிரின் புளிப்பு அந்த அமிலம்தான். சாப்பிடச் சாப்பிட அவை பெருகவும் செய்கின்றன. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். அரை மணிக்கு ஒரு முறை இப்படி இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மணி நேரத்தில் ஒன்று 1,024 ஆகிவிடும்! ஒரு ஸ்பூன் உறைமோர் ஒரு சட்டிப் பாலை எப்படி மாற்றுகிறது என்று இப்போது புரிகிறதா?

சரி, புளிக்கிறது. ஆனால் பால் ஏன் கெட்டியாகிறது? பாலில் கேசீன் என்ற புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. சாதாரணமாக அவை ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு, ஒட்டாமல் திரியும். புளிப்பு ஏறியதும் தள்ளுகிற சக்தி போய்விடும். கைகோத்துக்கொள்ளும்! அப்படியே ஒரு வலை மாதிரி பின்னிக்கொண்டு, தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வலைதான் தயிர். தயிரில் ஸ்பூனால் ஒரு பள்ளம் தோண்டி வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருக்கும். வலை அறுந்த இடத்தில் தண்ணீர் தப்பித்து வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் லேசாகப் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கிறதா? அது ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினின் நிறம். அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள்.

சூடு எவ்வளவு?

தயிர் உறைவதும் உறையாததும் பாலின் சூட்டைப் பொறுத்தது. கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் நம் வேலையாட்கள் அத்தனை பேரும் செத்துப் போவார்கள். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருக்கும், அல்லது கெட்டுப் போயிருக்கும். ஜில்லென்று ஆறிய பாலில் ஊற்றினாலோ, அவர்கள் குளிரில் சோம்பிப்போய் வேலையே செய்ய மாட்டார்கள். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூடு அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சுத்தமான ஸ்பூனால் ஒரு சொட்டுப் பாலை எடுத்து மணிக்கட்டில் விடுங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. இதமாக இருக்க வேண்டும். அதுதான் சரியான நேரம்.

நீங்களே ஊற்றிப் பாருங்களேன்! பாலைக் காய்ச்சி இறக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. ஆறிய பிறகு நீங்கள் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாலுக்கு ஒரு ஸ்பூன் உறைமோர் போதும். நன்றாகக் கலக்கி, மூடி, அசைக்காமல் வையுங்கள். கோடைக் காலத்தில் 4, 5 மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் 8, 10 மணி நேரம்கூட ஆகும். குளிர் நாளில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பதும், அரிசி டிரம்முக்குள் வைப்பதும் பழைய தந்திரம். உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேலையாட்கள் நிறுத்தாமல் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், தயிர் பல்லைக் கூசும் அளவுக்குப் புளித்துவிடும்.

எந்தப் பாத்திரம் என்பதும் முக்கியம். மண் சட்டியில் உறைந்த தயிர் கெட்டியாக, குளுகுளுவென்று இருக்கும். மண்சட்டியின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவதே காரணம். மாக்கல்லில் குடைந்த கல்சட்டியும் நல்லது. எவர்சில்வரும் பரவாயில்லை. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். தயிரின் புளிப்பு அந்த உலோகத்தைக் கரைத்துச் சாப்பாட்டில் கலந்துவிடும். பாட்டி வீட்டுப் பித்தளைத் தூக்கில் மோர் கொண்டுபோன கதையைக் கேட்டிருந்தால், அந்தத் தூக்கின் உட்புறம் எப்படி வெள்ளையாக இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். அது ஈயப் பூச்சு!

இன்னொரு விஷயம் யோசித்துப் பாருங்கள். இன்றைய தயிர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றையது முந்தாநாள் தயிரிலிருந்து. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால்..? உங்கள் வீட்டுத் தயிருக்கும் ஒரு தாத்தா, கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா உண்டு! தினமும் உறை ஊற்றும் வீட்டில் இந்தச் சங்கிலி பல வருஷங்களாக அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு நாள் மறந்து எல்லாத் தயிரையும் சாப்பிட்டு முடித்துவிட்டால், அவ்வளவுதான், அறுந்துவிடும். இப்போது கடையில் பாக்கெட் தயிர் கிடைப்பதால் நிறைய வீடுகளில் உறை ஊற்றுவதே நின்றுவிட்டது. பாக்கெட் தயிர் கெடுதல் என்று சொல்லவில்லை. அதில் ஒரு ஸ்பூன் எடுத்துப் பாலில் விட்டாலும் தயிர் உறையும். ஆனால் வாங்கிக்கொண்டே இருந்தால், உறை ஊற்றத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமே இல்லாமல் போய்விடுவார்களே! அந்த இடத்துக்கு நீங்கள் வரலாம் என்பதுதான் நம் யோசனை.

சளக்... சளக்... தொப்!

தயிர் ரெடி. இனி மோர்.

தயிரில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தால் கிடைப்பது, கறாராகச் சொன்னால், கரைத்த தயிர். குடிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் உண்மையான மோர் என்பது தயிரைக் கடைந்து, வெண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுவது. கொழுப்பெல்லாம் வெண்ணெயோடு போய்விடும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் மோரிலேயே தங்கிவிடும். அதனால்தான் மோர் வயிற்றில் கனக்காமல் லேசாக இருக்கிறது.

கடைவதற்கு மத்து வேண்டும். பெரிய பானையாக இருந்தால் மத்தில் கயிற்றைச் சுற்றி, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். பாற்கடலைக் கடைந்த கதை தெரியுமல்லவா? மந்தர மலைதான் மத்து, வாசுகிப் பாம்புதான் கயிறு என்று வரும். தினமும் வீட்டில் மோர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை உடனே புரிந்திருக்கும்.

நம் சங்க இலக்கியத்திலும் ஒரு மோர்க்காரப் பெண் வருகிறார். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற புலவர் அவரைப் பற்றிப் பாடியிருக்கிறார். ஆயர் குலத்துப் பெண் அவர். பறவைகள் எழும் விடியற்காலையிலேயே தயிர் கடைய உட்கார்ந்துவிடுவார். மத்து சுற்றும் சத்தம் புலி உறுமுவதுபோல இருக்குமாம்! பிறகு மோர்ப்பானையைத் தலையில் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு விற்கப் புறப்படுவார். அன்றன்று கடைந்த புது மோர்தான் விற்பார். அதற்குப் பெயர் நாள்மோர். (மோருக்கு அளை என்றும் ஒரு பழைய பெயர் உண்டு.) மோர் விற்றுக் கிடைப்பதைக் கொண்டு தன் உறவினர் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார். நெய் விற்கும்போது மட்டும் அவர் ரொம்ப உஷார். "தங்கம் தருகிறேன்" என்று சொன்னாலும் வாங்க மாட்டார். அதற்குப் பதில் எருமையும் பசுவும் கன்றும் வாங்கிக்கொள்வார். ஏன் தெரியுமா? தங்கம் பால் கறக்காதே! 1,500 ஆண்டுகளுக்கும் முந்திய பாட்டில் இப்படி ஒரு கெட்டிக்கார வியாபாரி!

வீட்டில் மத்தும் தாழியும் இல்லையா? உங்களுக்காக ஒரு குலுக்கல் சோதனை. தினமும் பாலின் மேல் படியும் ஆடையை எடுத்து, ஒரு ஸ்பூன் தயிரோடு சேர்த்து, ஒரு கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கைந்து நாளில் ஒரு கப் சேர்ந்துவிடும். இறுக மூடக்கூடிய, அகலமான வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் அதைப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீர் அரை கப் ஊற்றுங்கள். டப்பாவில் பாதி காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குலுங்க இடம் இருக்காது. மூடியை இறுக்கிவிட்டுக் குலுக்குங்கள்!

காதைத் தீட்டிக்கொண்டு குலுக்க வேண்டும். முதலில் 'சளக், சளக்' என்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் சத்தமே நின்றுவிடும். உள்ளே எல்லாம் நுரைத்துக் கெட்டியாகியிருக்கும். "ஒண்ணும் நடக்கலையே" என்று பெரும்பாலோர் கைவிடும் இடம் இதுதான். கை வலித்தால் அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டு ஓய்வெடுங்கள், குலுக்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள். திடீரென்று ஒரு நேரம் உள்ளே ஏதோ கட்டி மோதுவதுபோல 'தொப்... தொப்...' என்று கேட்கும். திறந்து பாருங்கள். வெண்ணெய் திரண்டிருக்கும்! சுற்றிலும் நிற்கும் வெள்ளைத் தண்ணீர்தான் அசல் மோர்.

உள்ளே என்ன நடந்தது? பாலில் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைகளாக இருக்கிறது. ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே ஒரு மெல்லிய தோல். அந்தத் தோல் இருக்கும் வரை உருண்டைகள் ஒட்டாது. கடையும்போது உருண்டைகள் முட்டி மோதித் தோல் கிழிகிறது. ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் ஒரே கட்டியாகிவிடுகிறது. குளிர்ச்சி இதற்கு மிகவும் அவசியம். சூடாக இருந்தால் கொழுப்பு உருகி வழியுமே தவிரத் திரளாது. அதனால்தான் கோடையில் கடையும்போது ஐஸ் தண்ணீர் விடுகிறார்கள்.

சில வீட்டுப் பாலில் எத்தனை நாள் ஆனாலும் ஆடையே சரியாகப் படியாது. பால் பாக்கெட்டில் 'ஹோமோஜினைஸ்டு' என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அந்தப் பாலில் கொழுப்பு உருண்டைகளை இயந்திரத்தால் மேலும் பொடிப்பொடியாக உடைத்திருப்பார்கள். அவை மேலே மிதந்து வராது, சுலபத்தில் திரளவும் திரளாது. அந்தப் பாலை வைத்துக்கொண்டு குலுக்கினால் கைதான் வலிக்கும்! எருமைப் பால் கிடைத்தால் கொண்டாட்டம்தான். பசும்பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 கிராம் கொழுப்பு என்றால், எருமைப் பாலில் 7 கிராம் வரை இருக்கும்.

'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பத்து நிமிஷம் டப்பாவைக் குலுக்கிய கைக்குத்தான் அதன் வேதனை தெரியும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தாகத்துக்கு நீர்மோர்

கடைந்த மோரையோ, ஒரு கப் தயிரையோ எடுத்துக்கொள்ளுங்கள். தயிர் என்றால் 3 கப் தண்ணீர் ஊற்றி, மத்தால் நன்றாகக் கடையுங்கள். விரல் நீளத்தில் பாதி இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சின்னத் துண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை ஆகியவற்றை அம்மியிலோ சின்ன உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கிப் போடுங்கள். அரைத்து விழுதாக்க வேண்டாம், நசுக்கினாலே போதும், வாசனை இறங்கிவிடும். தேவையான உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயத் தூள். பத்து நிமிஷம் மூடி வைத்து, வடிகட்டிக் குடியுங்கள். காரம் பிடிக்காதவர்கள் மிளகாயை விட்டுவிடலாம். பெருங்காயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், நீர்மோருக்கு வாசனையே அதுதான்!

வேர்வையாக நம் உடம்பிலிருந்து தண்ணீர் மட்டுமா போகிறது? உங்கள் வேர்வை உதட்டில் பட்டால் கரிக்கிறதல்லவா, உப்பும் சேர்ந்தே போகிறது. நீர்மோர் இரண்டையும் திரும்பத் தருகிறது. அனல் வீசும் நாட்களில் குடிக்கச் சொல்லித் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தரும் பட்டியலிலேயே மோரும் லஸ்ஸியும் எலுமிச்சைச் சாறும் கஞ்சித் தண்ணீரும் இருக்கின்றன. அந்த ஆணையம் சொல்வதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நம் ஊர்களில் கோடை வந்தால் தண்ணீர்ப் பந்தல் போட்டு, வழிப்போக்கர்களுக்குப் பானையில் நீர்மோர் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீராம நவமிக்கு நீர்மோரும் பானகமும் தருவார்கள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வெயிலில் நிற்கும் கூட்டத்துக்கு வழியெங்கும் மோர்ப் பந்தல்தான். மோரை நிறையத் தண்ணீர் விட்டுப் பெருக்கிக் குடிக்க வேண்டும் என்பது நம் பழைய மருத்துவம் சொல்வது. கெட்டியாகக் குடித்தால் அது சாப்பாடு, நீர்க்கக் குடித்தால்தான் தாகத்துக்கு ஆகும்.

பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறவர்கள் சிலர் உண்டு. பால் சர்க்கரை அவர்களுக்குச் செரிக்காது. அவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் தொந்தரவு செய்வதில்லை. நம் வேலையாட்கள்தான் ராத்திரியே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிட்டார்களே!

ஊர் ஊராக ஒரு டம்ளர்

எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் நம் நீர்மோருக்குச் சம்பாரம் என்று பெயர். அதில் சின்ன வெங்காயத்தையும் நசுக்கிப் போடுவார்கள். கர்நாடகத்தில் மஜ்ஜிகே, ஆந்திராவில் மஜ்ஜிக. குஜராத்துக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் "சாஸ் வேண்டுமா?" என்பார்கள். தக்காளி சாஸ் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், அதுவும் மோர்தான்! வறுத்துப் பொடித்த சீரகமும் கறுப்பு உப்பும் போட்டிருப்பார்கள். கறுப்பு உப்பில் கொஞ்சம் கந்தகச் சேர்மம் இருப்பதால் அவித்த முட்டை வாசனை வரும். முதல் வாய் குடிக்கும்போது "என்ன இது!" என்று தோன்றும், இரண்டாவது வாயில் பிடித்துவிடும். ராஜஸ்தானில் கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சி, ராப் என்று ஒரு கூழ் செய்கிறார்கள். நம் ஊர்க் கம்பங்கூழில் மோர் விட்டுக் குடிப்பவர்களுக்கு அது ஒன்றும் புதிதாக இருக்காது.

பஞ்சாப் லஸ்ஸி மட்டும் தனி ரகம். அங்கே கெட்டித் தயிரில் சர்க்கரை போட்டு, நுரை பொங்கப் பொங்கக் கடைந்து, மேலே ஓர் அகப்பை பாலாடையையும் போட்டுத் தருவார்கள். டம்ளரா அது? சின்ன வாளி! நம் மத்துக்கு அங்கே மதானி என்று பெயர். பஞ்சாபில் சாலையோரக் கடைக்காரர்கள் சிலர், கூட்டம் சமாளிக்க முடியாமல் என்ன செய்தார்கள் தெரியுமா? துணி துவைக்கும் வாஷிங் மெஷினை வாங்கி, அதில் தயிரைக் கொட்டி லஸ்ஸி கடைந்தார்கள்! அது லஸ்ஸிக்கென்றே வாங்கிய மெஷின், துணி துவைத்தது இல்லை. நீங்கள் வீட்டில் முயற்சி செய்து உதை வாங்காதீர்கள்.

வீட்டு லஸ்ஸிக்கு வாஷிங் மெஷின் தேவையில்லை. 2 கப் புளிக்காத கெட்டித் தயிர், 3 மேசைக்கரண்டி சர்க்கரை, அரை கப் குளிர்ந்த தண்ணீர், ஓர் ஏலக்காயின் பொடி. முதலில் தயிரையும் சர்க்கரையையும் மட்டும் கடைந்து, சர்க்கரை கரைந்த பிறகு தண்ணீர் விடுங்கள். மத்தை மேலும் கீழுமாகத் தூக்கித் தூக்கிக் கடைந்தால் காற்று உள்ளே போய் நுரை நிற்கும். மிக்ஸியில் போட்டால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் நீர்த்துப் போய்விடும். கையால் கடைந்ததுதான் ருசி என்பது நம் கட்சி. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், ஒரு டம்ளர் இனிப்பு லஸ்ஸி பாதிச் சாப்பாட்டுக்குச் சமம். குடித்த கையோடு கபடி ஆடப் போகாதீர்கள்.

நம் நாட்டோடு இது முடிந்துவிடவில்லை. வங்கதேசத்துக் கல்யாண விருந்துகளில் பிரியாணியோடு போர்ஹானி என்று புதினா, கடுகு, மிளகாய் எல்லாம் சேர்ந்த காரமான மோர் தருவார்கள். துருக்கியில் உப்புப் போட்ட மோருக்கு அய்ரான் என்று பெயர். பல்கேரியா நாட்டுக்காரர்களும் தயிர்ப் பிரியர்கள். ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் 1905-ல், தன் ஊர்த் தயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதிலிருந்த குச்சி போன்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அதன் பெயரில் இன்றும் 'பல்காரிகஸ்' என்று அவர் நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உறைமோரே கிடைக்கலையா?

வீட்டில் ஒரு சொட்டுத் தயிர் இல்லை. பக்கத்து வீடும் பூட்டியிருக்கிறது. கடையும் மூடியாயிற்று. அப்போது என்ன செய்வது?

ஐந்தாறு பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி எடுத்துக் கழுவிக்கொள்ளுங்கள். (கிள்ளிய கையால் கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள், அப்புறம் வீடே இரண்டாகிவிடும்!) காய்ச்சி, இதமான சூட்டுக்கு ஆறவைத்த அரை கப் பாலில் அந்தக் காம்புகளைப் போட்டு மூடி, கதகதப்பான இடத்தில் 10, 12 மணி நேரம் வையுங்கள். பால் உறைந்திருக்கும்! மந்திரம் ஒன்றுமில்லை. செடி, கொடி, காய் எல்லாவற்றின் மேலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மிளகாய்க் காம்பிலும் இருக்கின்றன.

இந்த முதல் தயிர் கொழகொழவென்று, ருசி ஒரு மாதிரியாக இருக்கும். அதைச் சாப்பிட வேண்டாம். கெட்ட வாடை அடித்தாலோ, பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தாலோ கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நன்றாக உறைந்திருந்தால், காம்புகளை எடுத்துப் போட்டுவிட்டு, அதில் ஒரு ஸ்பூனைப் புதுப் பாலில் உறை ஊற்றுங்கள். இரண்டாவது நாள் தயிர் ஓரளவு சரியாகிவிடும். மூன்றாவது நாள் சட்டியைச் சாய்த்தாலும் சரியாத கெட்டித் தயிர்!

அன்றைக்கு நீர்மோர் செய்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு சின்னக் கிண்ணம் தயிரை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ராத்திரி உறை ஊற்ற வேண்டுமே. அதோடு, பொழுது சாய்வதற்குள் பக்கத்து வீட்டு அத்தை மொந்தையோடு வந்தாலும் வரலாம்!